இலையில் வைத்த மாத்திரை

அனுராதா இலையில் கருவாட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தாள். மாமியார் வள்ளியம்மாளுக்குப் பிடித்ததெல்லாம் வந்துவிட்டதா என்று நாத்தனார் புவனா பார்த்தாள். அவித்த வேர்க்கடலை, மசால் வடை, வெற்றிலை பாக்கு. நாளைக்கு அவளுக்குக் காரியம்.

"அண்ணி, முக்கியமானத உட்டுட்டீங்களே. அம்மாவோட தூக்க மாத்திர!"

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.

"ஆங், வெச்சிடும்மா. இல்லன்னா ராவெல்லாம் வந்து கதவ தட்டிகினு இருக்கும்," என்றார் சித்தப்பா முனியன். "என் படையலுக்கு எவனாவது சுகர் மாத்திர வெச்சீங்க, அவ்ளோதான்."

அனுராதா கரண்டியைக் கீழே வைத்தாள்.

மாமனார் போனதிலிருந்து வள்ளியம்மாளுக்கு இருட்டினால் படபடப்பு. ரொம்ப முடியாத நாளைக்கு மட்டும் ஒன்று போடச் சொல்லி டாக்டர் எழுதித் தந்திருந்தார். கிழவி தினமும் கேட்டாள். பழகிவிடும், பாத்ரூம் போகும்போது விழுந்து வைப்பாள் என்று அனுராதாவுக்குப் பயம். மாத்திரை அட்டையை பீரோவில் பூட்டிவிட்டு, அதே மாதிரி சின்னதாக ஒரு வைட்டமின் மாத்திரையை உரித்துக் கையில் கொடுத்தாள். வள்ளியம்மாள் நன்றாகத்தான் தூங்கினாள். ஆடி முழுக்க அப்படியே போனது.

கடைசி ராத்திரி எழுந்து உட்கார்ந்து மார்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அனு, இன்னிக்கு போட்ட மாத்திர வேல செய்யல. நெஞ்சு என்னமோ பண்ணுது. இன்னொண்ணு குடேன்."

"உனக்கு டெய்லி இதே பாட்டு அத்த."

இன்னொரு வைட்டமினை உரித்துத் தந்தாள்.

"நீ குடுத்தாதான் எனக்கு அடங்குது," என்று விழுங்கிவிட்டுப் படுத்தாள்.

காலையில் உடம்பு சில்லிட்டிருந்தது. தூக்கத்திலேயே போன புண்ணியவதி என்றது தெரு.

இப்போது அனுராதா பீரோவைத் திறந்து அந்த அட்டையை எடுத்து வந்தாள். கணவன் கோதண்டபாணி வாங்கித் திருப்பிப் பார்த்தான்.

"இன்னாடி இது, ஒண்ணுகூட உரிக்கல? டெய்லி குடுத்துகினுதான இருந்த?"

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் புவனா முந்திக்கொண்டாள்.

"இது புது அட்டயா இருக்கும்ண்ணா. தீந்துபோச்சின்னா அம்மா தவிச்சிப்புடும்னு வாங்கி வெச்சிருப்பாங்க. அண்ணி மாதிரி யார் பாப்பாங்க? இல்ல அண்ணி?"

"ஆங்," என்றாள் அனுராதா.

புவனா ஒரு மாத்திரையை உரித்து வடைக்குப் பக்கத்தில் வைத்தாள். கோதண்டபாணி கற்பூரம் காட்டினான். செத்தவள் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வாசலில் நின்றார்கள். மலைமேல் கோயிலிலிருந்து மைக்கில் பாட்டு கேட்டது. முனியன் கொட்டாவி விட்டார்.

"போதும் அண்ணி, தொறங்க. அம்மா சாப்ட்டிருக்கும். புள்ளைங்க பசியா இருக்குதுங்க."

அனுராதா தாழ்ப்பாளில் கை வைத்தாள். தள்ளவில்லை.

"கொஞ்சம் இரு புவனா," என்றாள். "மாத்திர போட்ட ஒடனே தூக்கம் வராது."