இரண்டாவது அடி

பாட்டுக் கட்டுகிறவளுக்குக் கைதட்டல் கேட்டால் சந்தோஷமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது. பாழாய்ப்போன அந்தச் சந்தோஷத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

என் பெயர் ரேணுகாம்பாள். அந்த நாளில் பிள்ளையார்பாளையத்தில் யாரைக் கேட்டாலும் "பாட்டுக்காரி வீடா?" என்று கை காட்டுவார்கள். என் வீட்டுக்காரர் கோதண்டபாணி தறி நெய்கிறவர். நான் மேடையேறினால் பக்கத்தில் உட்கார்ந்து ஆர்மோனியம் வாசிப்பார். பாட்டு என்னுடையது, மெட்டும் என்னுடையது. எனக்குச் சங்கீதமும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. தறியில் நீளவாட்டு நூலான பாவு தீர்ந்தால் பழைய நூலின் நுனியோடு புது நூலின் நுனியை இழை இழையாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அது என் வேலை. கைக்கு வேலை இருக்கும், வாய்க்கு இருக்காது. சும்மா கிடந்த வாய் தானாகப் பாட ஆரம்பித்தது. மழையில் சாயம் காயாததைப் பாடினேன். ரேஷன் அரிசியில் கிடந்த கல்லைப் பாடினேன். மாமியார் செத்த அன்றைக்கு அழுகை வராமல் நான் திருதிருவென்று விழித்ததைக்கூடப் பாடினேன். அதைக் கேட்டுவிட்டு அழாத பெண் எங்கள் தெருவில் இல்லை.

வளைகாப்பு, காதுகுத்து, ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற திருவிழா என்று ஒவ்வொன்றுக்கும் கூப்பிட ஆரம்பித்தார்கள். கூட்டத்தில் எவனாவது, "சினிமாப் பாட்டு ஒண்ணு எடுத்து வுடுமா!" என்று கத்துவான். "அதுக்குத்தான் கொட்டாய் இருக்குதே, அங்க போப்பா" என்று மைக்கிலேயே சொல்லிவிடுவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என் கண்ணில் படாததை நான் பாடியதில்லை, அடுத்தவர் கட்டியதையும் பாடியதில்லை.

பெட்டிப் பாட்டு எழுபத்து நாலில் கட்டியது. பட்டுத் தறியின் தலைக்கு மேல் ஒரு பெட்டி ஏற்றுவார்கள். ஓட்டை போட்ட அட்டைகள் அதில் சுற்றிச் சுற்றி ஓடும், கீழே புடவையில் பூவும் மயிலும் விழும். பெட்டி இருந்தால் புடவைக் கரையை இஷ்டத்துக்கு மாற்றி நெய்யலாம். எங்கள் தறிக்குச் சொல்லிவைத்த பெட்டியைச் செய்து தராமல் ஆசாரி இழுத்தடித்தார். வீட்டுக்காரர் வாசலையே பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அவரைக் கேலி பண்ணத்தான் கட்டினேன்:

பெட்டி வருமா, எங்க பெட்டி வருமா?
பெட்டி வந்தா பழைய கரை மாறிப் போகுமா?

அவ்வளவுதான் விஷயம். தறிக்காரர்கள் கேட்டுச் சிரிப்பார்கள். கொஞ்ச நாளில் பெட்டியும் வந்துவிட்டது.

எழுபத்தாறில் எமர்ஜென்சி. டெல்லிக்காரர்கள் மெட்ராஸ் ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள். வர வேண்டிய தேர்தலைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள். மிசா சட்டத்தில் ஒருவனைப் பிடித்துக்கொண்டு போனால் ஏன் என்று கேட்க நாதியில்லை. டீக்கடையில் பேப்பரை உரக்கப் படிக்கிற வழக்கமே நின்றுபோனது. என் வீட்டுக்காரர் முந்தின தேர்தலில், இப்போது ஆட்சி போன கட்சிக்காகச் சுவர் சுவராகப் போஸ்டர் ஒட்டியவர். கட்சிக் கரை போட்ட வேட்டியைச் சுருட்டிப் பரணில் எறிந்துவிட்டு வெறும் வெள்ளை வேட்டியில் நடமாடினார். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் புத்தி வேலை செய்யவில்லை.

ஆடித் திருவிழாவில், கோயில் திடலில், பெட்டிப் பாட்டை எடுத்தேன். முதல் அடியை முடிக்கவில்லை, கூட்டம் ஓவென்று எழுந்து நின்றது. விசில் பறந்தது. எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அடேயப்பா, இந்தப் பாட்டுக்கா இவ்வளவு என்று நினைத்தேன். "இன்னொரு தபா, இன்னொரு தபா!" என்றார்கள். பாடினேன். 'பழைய கரை' என்ற இடத்தில் தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சுழற்றினார்கள். நான் அதோடு விட்டேனா? மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி, "நீங்களும் பாடுங்கபா!" என்றேன். திடலே பாடியது.

ஆர்மோனியம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. திரும்பினேன். வீட்டுக்காரர் முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை.

"நிறுத்துமே," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "அவங்க ஓட்டுப் பெட்டியைப் பாடிக்கினு இருக்காங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஓட்டுப் பெட்டி வந்தால் பழைய கட்சிக் கரை மாறும், டெல்லியில் ஆட்சி மாறும். ஐயோ, நானே மைக்கைத் திருப்பிப் பாடச் சொல்லியிருக்கிறேன்! கூட்டம் மட்டும் நிறுத்தவே இல்லை.

மைக் செட் இளங்கோவன் மறுநாள் காலையில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயைக்கூட அவிழ்க்காமல் செவிலிமேட்டில் இருக்கிற மாமனார் வீட்டுக்கு ஓடிவிட்டான். பக்கத்து வீட்டு வடிவாம்பாள், தினம் வந்து என் பாட்டைக் கேட்டுக்கொண்டே வெற்றிலை போடுகிறவள், எங்கள் வாசலைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு போனாள். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் போயிருப்பேன். சாயங்காலம் கான்ஸ்டபிள் ஒருவர் சைக்கிளில் வந்து, "ஐயா ரெண்டு பேரையும் காலையில வரச் சொன்னாரு" என்று சொல்லிவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் போய்விட்டார்.

அவர் போனதும் வீட்டுக்காரர் கதவைச் சாத்தினார்.

"கேட்டாங்கன்னா பாட்டு நான் எழுதினதுன்னு சொல்லிடறேன். நீ வாயைத் திறக்காத."

"நீயா? உனக்கு ரெண்டு வார்த்தை சேர்த்து வெக்க வருமாயா?" கோபம் வந்தால் எனக்கு மரியாதை பறந்துவிடும். "போஸ்டர் ஒட்டின ஆளுன்னு எழுதி வெச்சிருப்பாங்க. நீ எழுதினேன்னு சொன்னா அப்புறம் வெளியவே வுட மாட்டாங்க."

"பொம்பள உள்ள போனா ஊரு இன்னா சொல்லும்மே?"

அவருக்காகத்தான் பயந்தேன், சத்தியம். ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், அந்தப் பயத்துக்கு நடுவிலும் எனக்கு இன்னொன்று குத்தியது. என் பாட்டை அவர் பாட்டு என்று சொல்லிவிடுவாரே! இப்படியும் ஒரு மனசு இருக்குமா என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

ஸ்டேஷனில் எங்களை நிற்க வைத்தார்கள். அதிகாரி தெற்கத்தி ஆள், ஊருக்குப் புதுசு. மேசை மேல் ஒரு பித்தளைச் சொம்பில் தண்ணீர் இருந்தது. எங்களைக் கூப்பிட வந்த கான்ஸ்டபிள் சுவரோரம் விறைத்து நின்றார். அவர் பெயர் முனிசாமி என்று சட்டையில் இருந்தது. உள்ளே கம்பிக் கதவுக்குப் பின்னால் யாரோ இருமிக்கொண்டே இருந்தார்கள்.

"இந்தப் பாட்டை எவன் எழுதிக் கொடுத்தான்?"

"நான்தாங்கய்யா," என்று வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"இல்லைங்கய்யா, நான்தான்," என்றேன்.

அதிகாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரித்த மாதிரி இருந்தது, சிரிப்பில்லை. "பொம்பளை எழுதினதா? அப்படியா! சரி, இதோ இந்தச் சொம்பைப் பத்தி ஒரு பாட்டுப் பாடு. இப்பவே. வந்தா நீ எழுதினேன்னு நம்பறேன். வரலைன்னா உன் புருஷன் சொல்றதை நம்பறேன்."

பாட்டு வந்தால் என்னைப் பிடிப்பார்கள், வராவிட்டால் அவரைப் பிடிப்பார்கள். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். வேண்டாம் ரேணு, தடுமாறிவிடு, என்று அந்தக் கண் கெஞ்சியது. எனக்கோ நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, எதிரே தண்ணீர் இருக்கிறது, கேட்கத் தைரியமில்லை. அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வாய் திறந்துகொண்டது.

தண்ணி இருக்குது சொம்பு நிறைய, தொண்டை நனையலையே.
வாசல் இருக்குது கண்ணு முன்னால, காலு நகரலையே.

மேலே மேலே வந்தது. பெற்றவள் பெயர் மறந்துபோனது என்று வந்தது, கட்டினவன் முகம் மங்கிப்போனது என்று வந்தது. மெட்டு என் குரலுக்கென்றே அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி இருந்தது. அந்த நேரத்தில் நான் ஜெயிலை நினைக்கவில்லை, பக்கத்தில் நின்ற மனுஷனையும் நினைக்கவில்லை. ஆகா, நன்றாக வருகிறதே என்று மட்டும்தான் நினைத்தேன். உள்ளே இருமல் நின்றுவிட்டது.

முடித்ததும் வீட்டுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சரி. நீதான்," என்றார் அதிகாரி. "இப்பச் சொல்லு. பெட்டின்னா என்ன?"

தறிப் பெட்டி என்றேன். அட்டை ஓடுவதைச் சொன்னேன், பூ விழுவதைச் சொன்னேன், புடவைக் கரையைச் சொன்னேன். அவர் முனிசாமி பக்கம் திரும்பினார்.

"ஆமாங்கய்யா," என்றார் முனிசாமி. "இந்தப் பக்கம் தறி மேல இருக்கிறதைப் பெட்டின்னுதான் சொல்லுவாங்க."

"அப்ப ஜனங்க ஏன் அப்படிக் கத்தினாங்க?"

இதற்கு எந்தப் பதிலைச் சொன்னாலும் வினைதான். எனக்குத் தெரியும் என்று சொன்னாலும் குற்றம், தெரியாது என்றால் பொய். வாயை மூடிக்கொண்டேன். நானும் வாயை மூடுவேன் என்று அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன்.

அதிகாரி எழுந்து வந்து எனக்கு நேரே நின்றார். குரலை உயர்த்தவே இல்லை. "இப்பப் போகலாம். இனிமே மேடையும் கிடையாது, பாட்டும் கிடையாது. இங்க பாடினது இந்தச் சுவரைத் தாண்டக் கூடாது. இது ரேணுகாம்பாள் கட்டின பாட்டுன்னு எந்தத் தெருவிலயாவது யாராவது பாடி என் காதுல விழுந்துதுன்னு வை, உன்னைத் தொட மாட்டேன். இவனைத்தான் தூக்குவேன். போஸ்டர் ஒட்டின கேஸு அப்படியே இருக்கு."

வெளியே வந்தோம். பாதி தூரம் வரைக்கும் வீட்டுக்காரர் விறுவிறுவென்று முன்னால் நடந்தார். பிறகு, "நல்லாத்தான் இருந்துச்சுமே," என்றார். "அந்தச் சொம்புப் பாட்டு. நீ கட்டினதுலயே அதான் ஒசத்தி." சொல்லிவிட்டு முன்னாலும் பின்னாலும் பார்த்துக்கொண்டார்.

அதற்கப்புறம் நான் பாவு பிணைக்கும்போது வாயில் ஒரு வெற்றிலையை அடக்கிக்கொள்வேன். பாட்டு வந்தால் மென்று விழுங்குவேன். தெருவில் யாராவது முணுமுணுத்தால் என் மெட்டா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்காரர் பட்டு வாங்கக் கடைக்குப் போய் வருகிற வரைக்கும் உயிர் உயிராக இருக்காது.

அப்படி அவர் வெளியே போயிருந்த ஒரு மத்தியானம் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. திறந்தால் முனிசாமி. காக்கி இல்லை, லுங்கியும் பனியனும் போட்டு, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானே முந்திக்கொண்டேன்.

"அவரு கடைக்குப் போயிருக்காருங்க. ஒண்ணும் பண்ணலைங்க."

"அய்ய, அதுக்கு வரலமா. டூட்டியில வரல." தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "அன்னைக்கு ஸ்டேஷன்ல பாடினியே, சொம்புல தண்ணின்னு. முதல் அடி மனசுல நிக்குது. ரெண்டாவது அடி வர மாட்டேங்குது. படுத்தா எழுந்தா அதே தொல்லையா இருக்குது. அது இன்னாமா?"

நான் தெருவை எட்டிப் பார்த்தேன்.

"எனக்கும் ஸ்டேஷன்ல அப்படித்தாம்மா இருக்குது," என்றார். "அந்தாளு எதிர்ல நின்னா தொண்டை நனையறதில்ல. ஊட்டுல சொல்ல முடியல. நீ பாடினப்போ, அடடா, என்னைப் பத்தித்தான் இந்தம்மா பாடுதுன்னு நெனைச்சேன்."

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் கை தட்டியிருக்கிறார்கள். இப்படி ஒருத்தர் வந்து கேட்டதில்லை. அடி என் நாக்கு நுனியில் நின்றது. அவர் கண்ணில் கள்ளம் இல்லை என்றுதான் பட்டது. ஆனால் கள்ளம் இல்லாத கண்ணாகப் பார்த்துத்தானே அனுப்புவார்கள்? இதைச் சொன்னதும் நேரே போய் அங்கே ஒப்பித்தால்? அவர் ஒப்பிக்காவிட்டாலும் தெருவில் பாடிக்கொண்டே போனால்? கடைக்குப் போன மனுஷன் திரும்பி வர வேண்டுமே.

"எந்தப் பாட்டுப்பா?" என்றேன்.

"இன்னாமா, நீ கட்டின பாட்டு."

"நான் பாட்டெல்லாம் கட்டறதில்ல."

"அன்னைக்கு நான்தான், நான்தான்னு சொன்னியேமா! நான் பக்கத்துலதானே நின்னுக்கினு இருந்தேன்."

"பயத்துல ஏதோ உளறிட்டேன்பா. யாரோ பாடினதைக் கேட்டது. யாருன்னு தெரியாது. எனக்கு ரெண்டாவது அடி தெரியாது."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நம்பினாரோ, புரிந்துகொண்டாரோ, முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை. "சரிமா, கதவைச் சாத்திக்க," என்று சொல்லிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். நான் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு அங்கேயே நின்றேன். அவர் மெதுவாகப் பாடிக்கொண்டு போவது கேட்டது. முதல் அடி சரியாக இருந்தது, மெட்டுக்கூடப் பிசகவில்லை. இரண்டாவது அடி வரவேண்டிய இடத்தில் வாய்க்கு வந்ததை முனகினார். திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தார். புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு, தெருமுனையில் அவர் குரல் தேய்கிற வரைக்கும் அழுதேன்.

வீட்டுக்காரர் வந்ததும் என் முகத்தைப் பார்த்து, "யாராச்சும் வந்தாங்களா?" என்று கேட்டார். யாரும் வரவில்லை என்றேன்.