பாதிப் பலம்

எங்கள் கடையில் நானூறு ரூபாய்க்கு விற்க வேண்டிய குழாயை முதலில் அறுநூறு என்போம். வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முந்நூறு என்பார். கடைசியில் இரண்டு பேரும் குடி முழுகிப்போனதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு நானூற்றுக்கு முடிப்போம். உலகமே இப்படித்தான் ஓடுகிறது என்று நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பில்தான் மாமாவின் கையைக் கெடுத்தேன்.

மாமா என் அக்காவின் கணவர், தீயணைப்பு வீரர். ஒரு பஞ்சுக் கிடங்கு எரிந்தபோது, மயங்கிக் கிடந்த காவலாளியை வெளியே தள்ளிவிட்டுத் திரும்பியவரின் வலது கைமேல் கூரை இரும்பு விழுந்தது. எலும்பு கூடியது, நரம்பு கூடவில்லை. சட்டைப் பொத்தானை அக்காதான் போட்டுவிடுவாள். இனி தண்ணீர்க் குழாயைப் பிடிக்க முடியாது. ஊனம் எத்தனை சதவீதம் என்று மருத்துவக் குழு எழுதினால்தான் ஓய்வூதியம்.

குழுவைப் பார்க்கப் போவதற்கு முந்தைய நாள் அவரைக் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

"மாமா, டாக்டர் எவ்வளவு இருக்கும்னார்?"

"நாப்பது வரும்னார்."

"அப்போ அறுபது மாதிரி காட்டுங்க. அவங்க குறைச்சுக் குறைச்சு நாப்பதுல வந்து நிப்பாங்க. நாப்பதையே காட்டினா இருபதைக் குடுத்து அனுப்பிடுவாங்க."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"வாயே திறக்க வேணாம். கைப்பிடியை அமுக்கச் சொல்வாங்க. பாதிப் பலத்துல அமுக்குங்க, போதும்."

"எரியிற கட்டடத்துக்குள்ள போறப்போகூட நான் இப்படிப் பயந்ததில்லடா மச்சான்."

ஆனாலும் கேட்டார். பேச்சில் என்னை ஜெயிக்க முடியாது என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை.

கைப்பிடியின் பலத்தை அளக்கும் அந்தக் கருவியைப் பற்றி எனக்கு அப்போது தெரியாது. மூன்று முறை அமுக்கச் சொல்வார்கள். முழு மூச்சாக அமுக்கினால் மூன்று எண்ணும் ஏறக்குறைய ஒன்றாக வரும். பாதிப் பலத்தை ஒரே அளவாக மூன்று முறை கொடுக்க எந்த மனிதனாலும் முடியாது. மாமாவுக்கு ஒன்பது, பதினேழு, பன்னிரண்டு என்று வந்தது. யாரும் பேரம் பேசவில்லை. 'முழு முயற்சி எடுக்கவில்லை' என்று ஒரு வரி எழுதி மனுவைத் தள்ளிவிட்டார்கள். கைப் பயிற்சிக்குத் துறை கொடுத்துவந்த செலவும் அன்றோடு நின்றது.

"பயிற்சிக்கு நான் குடுக்கிறேன் மாமா" என்றேன்.

"வேணாம்டா. மேல்முறையீட்டுல பாத்துக்கலாம்."

முதல் முறை சொல்லும் 'வேணாம்' எதுவுமே கணக்கில் சேராது. இது எனக்கு எட்டு வயதிலேயே தெரியும். ஆனாலும் இரண்டாவது முறை நான் கேட்கவில்லை.

மேல்முறையீட்டுக்கு ஐந்து மாதம் ஆனது. "நீயும் கூடப் போடா. அவருக்குப் பேசத் தெரியாது" என்று அக்கா என்னை இழுத்துக்கொண்டு வந்தாள். நடந்ததை மாமா அவளிடம் சொல்லவேயில்லை. அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். நாங்கள் இரண்டு பேரும் உள்ளே போனோம்.

தலைமை மருத்துவரம்மா கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார். "மூணு தடவையும் ஏன் வேற வேற எண்?"

"அன்னிக்கு வலி ஜாஸ்திங்க" என்றார் மாமா, தரையைப் பார்த்து.

மருத்துவரம்மா பேனாவின் மூடியைத் திறந்தார். ஏமாற்று என்று தெரிந்தால் மனு நிரந்தரமாகத் தள்ளப்படும் என்று சுவரிலேயே ஒட்டியிருந்தார்கள். சொன்னாலும் போச்சு, சொல்லாவிட்டாலும் போச்சு. எழுந்து நின்றேன்.

"அம்மா, பாதியா அமுக்கச் சொன்னது நான்தான்."

"நீங்க யாரு?"

"இவரோட மச்சான். குழாய்க் கடை வச்சிருக்கேன்."

"குழாய்க் கடைக்காரருக்குக் கையைப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணுமே தெரியாதுங்க. அதான் அவ்வளவு தைரியமா சொல்லிக் குடுத்தேன்."

மருத்துவரம்மா சிரிக்கவில்லை. மாமாவைப் பார்த்தார். மாமா தலையாட்டினார். மருத்துவரம்மா கருவியை மாமா பக்கம் நகர்த்தினார்.

"நீங்களே ஒத்துக்கிட்டதால இன்னொரு தடவை பாக்கறேன். இப்போ முழுசா அமுக்குங்க."

மாமா அமுக்கினார். கழுத்து நரம்பு புடைத்தது, மேலுதட்டில் வியர்வை பூத்தது. ஆறு. மறுபடியும் ஆறு. மூன்றாவது முறையும் ஆறு.

மருத்துவரம்மா கோப்பைப் பின்னால் புரட்டினார். "பயிற்சிக்குப் போய்க்கிட்டிருந்தப்போ இருபத்தொண்ணு இருந்திருக்கே. ஏன் நிறுத்தினீங்க?"

"மனுவைத் தள்ளினதும் செலவு குடுக்கிறது நின்னுடுச்சுங்க."

"இந்த அஞ்சு மாசம்தாங்க முக்கியமான காலம். இனிமே பயிற்சி குடுத்தாலும் பழைய பலம் திரும்பாது." குரல் தணிந்திருந்தது. "ஊனம் நாப்பதைத் தாண்டிடுச்சு. கூட்டித்தான் எழுதணும்."

என் ஆயுளில் முதல் தடவையாக, கொடுப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று மன்றாடத் தோன்றியது. யாரிடம் மன்றாடுவது?

வெளியே வந்ததும் அக்கா ஓடிவந்தாள். மாமா, "கிடைச்சிடுச்சு. நெனச்சதுக்கு மேலயே" என்றார். அக்கா என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ வந்ததாலதான்டா. உனக்கு நான் எப்படிக் கைம்மாறு செய்வேன்?"

மாமா அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் மெல்லத் தலையசைத்தார்.

நான் அவள் கைகளை விலக்கினேன்.

"அக்கா, உக்காரு. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."