ஒரு வீடு மிச்சம்

பத்துப் பதினோரு வருஷமாக ரபியாவுக்கு வண்டி என்றாலே ஆகாது. எர்ணாகுளம் போவதற்குள் நெஞ்சு படபடக்கும், கை சில்லிட்டுப்போகும். அப்படிப்பட்டவள் மக்காவுக்கு உம்ரா பயணம் புறப்பட்டுவிட்டாள். இந்தப் பயணத்துக்காகவே மட்டாஞ்சேரியில் யோகா சொல்லித்தரும் சுபாஷிணியிடம் மூன்று மாதம் மூச்சுப் பழகினாள். நாலு எண்ணி இழுக்க வேண்டும், ஆறு எண்ணி விட வேண்டும்.

"என்ன நினைப்பு வந்தாலும் விரட்டாதீங்கோ ரபியாக்கா. வந்தது என்னன்னு பாருங்கோ, போதும்" என்பாள் சுபாஷிணி.

புனிதப் பயணம் போகிறவர்கள் அதற்குமுன் வீடு வீடாகப் போய், 'தப்பு ஏதும் செய்திருந்தால் பொருத்தப்பட்டுக்கொள்ளுங்கள்' என்று மன்னிப்புக் கேட்பது வழக்கம். ரபியா மீன்காரி வரைக்கும் கேட்டுவிட்டாள். தோப்பும்படியில் இருக்கும் தங்கை ஜுமானா வீட்டுக்கு மட்டும் போகவில்லை. உம்மா மவுத்தானதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. குடும்ப வாட்ஸாப் குழுவில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு குரல் பதிவு போட்டாயிற்று, அதில் தங்கையும் அடக்கம்தானே என்று தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டாள். பெரிய கெட்டிக்காரிதான்!

விமான நிலையத்துக்குப் போகும் வழியில், தோப்பும்படி பாலத்துக்கு முன்னால் கார் நின்றுவிட்டது.

"ப்ளாக்கு உம்மா. சாரமில்ல, பயப்படாதீங்கோ, நேரம் இருக்கு" என்றான் ஓட்டிக்கொண்டிருந்த மகன் அப்ஸல்.

ரபியா கண்ணை மூடி எண்ணினாள். மூன்றுக்கு மேல் போகவில்லை. கண்ணுக்குள் ஜுமானா நின்றாள். உம்மாவை அடக்கி முடிந்த பிறகு, அப்போது குடியிருந்த பாலக்காட்டிலிருந்து பையோடு வந்து வாசலில் இறங்கிய அன்றைய ஜுமானா. ரபியா அந்த நினைப்பை விரட்டினாள். மறுபடி வந்தது. மூச்சு முட்டியது. கடைசியில் சுபாஷிணி சொன்னபடி விரட்டாமல் பார்த்தாள். பார்க்கப் பார்க்க வெட்கம் பிடுங்கித் தின்றது. ஏதோ சண்டையின் ஆத்திரத்தில், உம்மா மூன்று நாள் சாகக் கிடந்ததைத் தங்கைக்குச் சொல்லாமல், மற்றவர்களையும் சொல்லவிடாமல் தடுத்தது அவள்தான்.

"ஜுமானா வீட்டுக்கு வண்டியைத் திருப்புடா."

முன்சீட்டில் இருந்த கணவர் நூர் முகம்மது திடுக்கிட்டார். "ஃப்ளைட்டு போயிரும், ரபியா."

"போனாப் போகட்டும்."

கதவைத் திறந்த ஜுமானா, உள்ளே வா என்று சொல்லவில்லை.

"என்னைப் பொருத்தப்படு, ஜுமானா."

"அதான் குரூப்பில கேட்டாச்சே." கதவைச் சாத்தப் போனவள் நின்றாள். "ஒண்ணு மட்டும் சொல்லு. உம்மா கடைசியில என்னைக் கேட்டாளா?"

இல்லை என்றுதான் ரபியா இத்தனை வருஷமும் எல்லாரிடமும் சொல்லி வந்தாள். அந்தப் பொய்யை இன்னொரு தடவை சொல்ல அவளால் முடியவில்லை.

"கேட்டா. மூணு நாளும் கேட்டா. வாசல்ல வண்டிச் சத்தம் கேக்கும்போதெல்லாம், ஜுமானாவா வந்திருக்கான்னு கேட்டா. நான் பதில் சொல்லல."

ஜுமானா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பொருத்தப்பட்டேன் என்று அவள் சொல்லவில்லை. முகத்தைத் துடைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வந்து காரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஏர்போர்ட் வழியில இடப்பள்ளி வரைக்கும் வரேன். மூணு நாளும் உம்மா என்னெல்லாம் சொன்னா, முழுசும் சொல்லு லாத்தா."

அக்காவை அப்படி அவள் கூப்பிட்டுப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. ரபியா சொல்லத் தொடங்கினாள். மூச்சை எண்ண மறந்துபோயிருந்தாள். பாலத்துக்கு முன்னால் வண்டிகள் இன்னும் அப்படியே நின்றன. இன்னும் கொஞ்ச நேரம் நகராமலே இருக்கட்டும் என்று மனசுக்குள் துஆ கேட்டாள்.