வவ்வால் அடைந்த வீடு

பெரியநாயகி வலதுகாலை எடுத்து வைத்த அன்று சாயங்காலம் ஒரு வவ்வால் குத்துவிளக்கைச் சுற்றிப் பறந்துவிட்டது. போதாதா மாமியார் ராஜம்மாளுக்கு? நாலு மாசம் கழித்து, மகன் விருத்தகிரி வேலை பார்த்த செராமிக் பட்டறையில் ஒரு சூளை நிறைய அடுக்கிச் சுட்ட பொம்மை முழுக்க விரிசல் விட்டது. அந்தப் பழியும் மருமகள் தலையில்தான் விழுந்தது. "இவ வவ்வாலக் கூட்டியாந்தா, வவ்வாலு தரித்திரத்தக் கூட்டியாந்துச்சி" என்று தெருவெல்லாம் சொல்லித் தீர்த்து, பெண்ணை அழைத்துப் போகச் சொல்லி ஸ்ரீமுஷ்ணத்துக்கு ஆளும் அனுப்பிவிட்டாள்.

அப்பா கோவிந்தசாமி காலை பஸ்ஸிலேயே வந்து வாசற்படியில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெண்ணின் டிரங்குப் பெட்டி. ராசியில்லாதவள் என்று ஒருத்தி திரும்பிப் போனால், பின்னால் இருக்கும் தங்கையை எவன் கட்டுவான்?  பெரியநாயகிக்குப் புருஷன் என்று விருத்தகிரி ஒருத்தன் இருந்தானே, அவன் வேகாத பொம்மை மாதிரி சுவரில் சாய்ந்து நின்றான்.

மாமியாரிடம் முகத்துக்கு முகம் எதிர்த்துப் பேசும் பழக்கம் அந்தத் தெருவில் எந்த மருமகளுக்கும் கிடையாது. சாடை பேசலாம், அதற்குத் தடையில்லை. புருஷனின் அண்ணன் மகள் பூவாயி, ஆறு வயசு, கூடத்தில் சோழி உருட்டிக்கொண்டிருந்தாள். பெரியநாயகி அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"ஏண்டி பூவாயி, வவ்வாலு எங்கடி குடியிருக்கும்?"

"மரத்துல."

"அது பெருசு, பழந்தின்னி. ஊருக்கே தெரியத் தொங்கும், அதுகிட்ட கள்ளத்தனம் இல்ல. வூட்டுக்குள்ள இருக்குறது சின்னது, பூச்சி தின்னுறது. அதுக்குக் கூடு கட்டத் தெரியாது. கோபுரத்துப் பொந்து, பாழுங்கெணறு, பத்தவைக்காமக் கெடக்குற சூளை, இப்புடி இருட்டாப் பாத்துத் தலகீழாத் தொங்கும். மனுசங்க கை படக்கூடாது. ஒருக்கா எடம் புடிச்சிதுன்னா வருசக்கணக்கா அதே எடந்தான். புதுசா வந்தவ சீலையில தொத்திக்கிட்டு வராது."

ராஜம்மாள் முற்றத்துக் கோழியை விரட்டினாள். "சீ, சனியனே! தின்னுப்புட்டு எப்புடிக் கொக்கரிக்குது பாரு! அறுத்துக் கொழம்பு வச்சாத்தான் இதுக்கு வாயி அடங்கும்."

"நம்ம வூட்டுல வவ்வாலு எங்க இருக்குது சித்தி?" என்று கேட்டாள் பூவாயி.

"எந்த எடத்துல வெளக்கமாறு படலையோ, அங்க."

பூவாயி பாட்டியை ஓரக்கண்ணால் பார்த்தாள். "ஆயாவோட பரணா? அதத் தொட்டா ஆயா தொடையக் கிள்ளுமே."

அவ்வளவுதான். பெரியநாயகி சீலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினாள். "யாரு எடத்துல யாருடி ஏறுறது!" என்று ராஜம்மாள் ஓடிவருவதற்குள், பரணிலிருந்து ஒரு பித்தளை அண்டா டமாரென்று கூடத்தில் வந்து விழுந்தது. ராஜம்மாள் தன் கல்யாணத்துக்குச் சீராகக் கொண்டுவந்த அண்டா. அதிலிருந்து வவ்வால் புழுக்கை குப்பென்று கொட்டியது. மேலே இருந்ததுதான் உதிர்ந்தது. அடியில் இருந்தது இறுகிப்போய் அண்டாவை விட்டு வரவே இல்லை.

கோவிந்தசாமி எழுந்து வந்து ஒரு கட்டியைப் பெயர்த்து நசுக்கிப் பார்த்தார். "சம்மந்தியம்மா, எம் பொண்ணு இந்தத் தையிலதான வந்தா. இது நாலு மாசத்து எச்சமா?"

ராஜம்மாளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "ஏன், எனக்குத் தெரியாதா? நான் வாக்கப்பட்டு வந்தப்பவே அது மேல இருந்துச்சி! என் மாமியாளும் நான்தான் கூட்டியாந்தேன்னு தெருவுல நிக்கவச்சிக் கேட்டா!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.  பூவாயி கேட்டாள்.

"அப்ப ஒன்னையும் பொட்டியோட அனுப்புனாங்களா ஆயா?"

 ராஜம்மாள் குனிந்து, கழுத்து நசுங்கிக் கிடந்த அண்டாவை நிமிர்த்தி வைத்தாள்.

பெரியநாயகிக்கு இரக்கம் வரவில்லை. எப்படி வரும்? வாசலுக்குப் போய் டிரங்குப் பெட்டியைக் காலால் உள்ளே தள்ளிவிட்டு வந்தாள். முதல் தடவையாக மாமியார் முகத்தைப் பார்த்தே பேசினாள்.

"வவ்வாலு பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும். அது ஒருத்தரையும் வூட்ட வுட்டுப் போவச் சொல்லல."