சரியான நேரத்துக்குக் கிளம்பிய விமானங்கள்

எங்கள் ஊர் விமான நிலையத்துக்கு வரும் விமானம் ஊருக்கு மாப்பிள்ளை. முப்பத்து நான்கு வருடமாக அப்படித்தான். இதுவரை நான்கு மாப்பிள்ளைகள் வந்திருக்கின்றன. மூன்று கோபித்துக்கொண்டு போய்விட்டன. நான்காவது போகவே மாட்டேன் என்றது. ஊரில் எல்லோரும் ‘அவர்’ என்றுதான் சொல்வார்கள். நான் ‘அது’ என்கிறேன். எனக்கு அவ்வளவுதான் மரியாதை வரும்.

இது ஆரம்பித்ததில் என் பங்கும் உண்டு. முதல் விமானம் வந்த அன்று, நகராட்சித் தலைவர் பொன்னுரங்கம் அண்ணாச்சி ஒரு ரோஜா மாலையோடு நின்றார். அன்றும் அவர்தான் தலைவர், இன்றும் அவர்தான். மாலை விமானத்தின் மூக்குக்குக்கூடப் பற்றவில்லை. அப்படியானால் ஆரத்தி எடுத்துவிடலாம் என்றார். விமானத்துக்கு ஆங்கிலம்தான் புரியும் என்பதால் கான்வென்டில் படித்த பெண் வேண்டும் என்றார்கள். எனக்கு அப்போது இருபத்தொரு வயது. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தட்டை அதன் மூக்குக்கு முன்னால் மூன்று சுற்றுச் சுற்றி, ஒரு பொட்டும் வைத்து, சிஸ்டர் ஃபிலோமினா சொல்லிக்கொடுத்த உச்சரிப்பில் ‘வெல்கம்’ என்றேன். விமானி இறங்கி வந்து தட்டில் ஒரு ரூபாய் போட்டார்.

தட்டில் காசு விழுந்துவிட்டால் உறவு உறவுதான். பெண் யார் என்று யாரும் கேட்கவில்லை. கல்யாண மும்முரத்தில் அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

நான் அந்தத் தட்டைப் பிடித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. விமானப் பணிப்பெண் வேலைக்கு எனக்கு நேர்காணல் கடிதம் வந்திருந்தது. நிபந்தனை ஒன்றே ஒன்று. விண்ணப்பதாரர் தம் சொந்த ஊரிலிருந்து, அட்டவணைப்படி ஓடும் பயணிகள் விமானத்தில் சென்னை வந்து சேர வேண்டும். பஸ்ஸிலோ ரயிலிலோ பக்கத்து ஊர் விமானத்திலோ வருகிறவர்களுக்கு நாற்காலி தரப்படமாட்டாது. தேதி என்ற இடத்தில் ‘தாங்கள் வந்து சேரும் நாள்’ என்று போட்டிருந்தது. அதுவரை தேர்வுக்குழு உறுப்பினர்கள் மூவரும் உட்கார்ந்திருப்பார்கள். சுலபமான நிபந்தனை என்று நினைத்தேன்.

முதல் விமானம் திங்களும் வியாழனும் காலை ஒன்பதே காலுக்குக் கிளம்ப வேண்டும். பதினெட்டு இருக்கை. ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் ஆரத்தி காட்டினால்தான் கதவைத் திறக்கும். பிறகு காபி. காபி கொண்டுபோகும் பொறுப்பு, அங்கே பெட்டிகளை எடைபோடும் சௌந்தரபாண்டியன் என்பவருடையது. மூன்றாவது வாரம் அவர் யாரோடோ கிரிக்கெட் பேசிக்கொண்டு நின்றதில் காபி ஆறிவிட்டது. விமானம் ஒரு வாய் குடித்தது. பிறகு மெதுவாகத் திரும்பி, காம்பவுண்டுச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டது. அடுத்த வியாழக்கிழமைக்கு நான் டிக்கெட் எடுத்திருந்தேன்.

தலை தீபாவளி வரைக்கும் அது சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணாச்சி விடவில்லை. ஆறு டின் நல்லெண்ணெய் தேய்த்து, இரண்டு மூட்டை சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டினார்கள். இறக்கைக்கு இறக்கை பட்டு வேஷ்டி சுற்றினார்கள். அதிரசம், முறுக்கு, எல்லாம் ஆயிற்று. மோதிரத்தை மட்டும் மறந்துவிட்டார்கள். மறுநாள் காலை அது மோதிரம் இல்லாத தன்னுடைய காற்றாடியை ஒரு முறை பார்த்தது. சரியாக ஒன்பதே காலுக்கு, ஒரு பயணியைக்கூட ஏற்றாமல், சென்னையில் இருக்கும் அதன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டது. நேரந்தவறாமை பற்றி சிஸ்டர் ஃபிலோமினா ஏழு வருடம் பேசியிருக்கிறார். அதை நான் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான், கையில் பெட்டியோடு.

அடுத்த தை மாதம் எனக்கும் சௌந்தரபாண்டியனுக்கும் கல்யாணம் நடந்தது. ஆறின காபியை நான் மறக்கவில்லை.

இரண்டாவது விமானம் எட்டு வருடம் கழித்து வந்தது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தது. அம்மா பெரிய விமானம். எங்கள் ஓடுபாதை அதற்குக் காணாது. ஆகவே மேலேயே சுற்றிக்கொண்டு, கட்டடம் சின்னது, வெயில் ஜாஸ்தி, தண்ணீர் உப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தது. கதவைத் திறப்பதற்கு முன்னால் பிள்ளை அண்ணாந்து பார்க்கும். அம்மா தலையசைத்தால்தான் திறக்கும். பதினோரு மாதத்தில் நான் இருபத்திரண்டு தடவை பெட்டியோடு போனேன். என் முறை வரும்போதெல்லாம் அம்மாவுக்குக் கழுத்து வலி. ஒருநாள் சாப்பாட்டில் காரம் என்று இரண்டும் கிளம்பிவிட்டன. அட்டவணைப்படி, நிமிடம் பிசகாமல்.

மூன்றாவது, எங்களுக்கு ஒன்றுமே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு வந்தது. அப்படிச் சொல்கிறவர்களைப் பற்றிப் பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும். “உங்க ஊருக்கு நீங்க என்ன செய்வீகளோ, அதைச் செய்ங்க போதும்” என்றார்களாம் மாப்பிள்ளை வீட்டார். அண்ணாச்சி உருகிவிட்டார். விமானம் இறங்கியதும் பார்த்தால் உள்ளே நாற்காலி இல்லை. பயணிகள் அவரவர் நாற்காலியைக் கொண்டுவந்தோம். நான் சாப்பாட்டு மேஜை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனேன். பிறகு ஜன்னலுக்குத் திரை, பிறகு தண்ணீர்த் தொட்டி, பிறகு ஏறுவதற்குப் படிக்கட்டு. தேக்கில் செய்துகொடுத்தார்கள். மொசைக் இல்லையா என்றது. அதுவும் போயிற்று. என் நாற்காலியும் அதோடு போயிற்று. இன்றுவரை எங்கள் வீட்டில் ஒருவர் நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறார். அது நான் இல்லை.

இதற்கிடையில் சென்னையிலிருந்து வருடம் ஒரு கடிதம் வரும். காத்திருக்கிறோம் என்று முதல் கடிதம். பிறகு, தலைவர் ஓய்வு பெற்றுவிட்டார், அவர் மகன் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒன்று. இரண்டாவது உறுப்பினருக்குக் கால் மரத்துப்போயிருப்பதாக ஒன்று. எல்லாவற்றுக்கும் நான் கான்வென்டில் கற்ற கூட்டெழுத்தில் பதில் எழுதினேன், விமானம் வந்ததும் வருகிறேன் என்று.

நான்காவது விமானம் அரசாங்கத் திட்டத்தில் வந்தது. ஒன்பது இருக்கை. வீட்டோடு மாப்பிள்ளை. ஒன்பது மணிக்கு இன்ஜினை ஓட்டும். ஒன்பதே காலுக்கு நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றும். ஒன்பதரைக்கு டிபன். பிறகு தூக்கம். ஊருக்கு ஏகப்பெருமை. நிலைய மேலாளர் தணிகாசலம் மாத அறிக்கையில் ‘கோபித்துக்கொண்டு போன நாட்கள்: இல்லை’ என்று எழுதி, அதன் கீழே சிவப்பு மையில் கோடு போடுவார். ஏழு வருடமாக அப்படி.

இந்தப் புரட்டாசியில் கடைசிக் கடிதம் வந்தது. உறுப்பினர்களில் இருவர் எழுந்துவிட்டார்கள். திருமதி லில்லி தங்கராஜ் மட்டும் உட்கார்ந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அவரும் எழுந்துவிடுவார். அதோடு நேர்காணல் முடிகிறது.

எங்கள் ஊரிலிருந்து சென்னைக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தவை கோபித்துக்கொண்டு போன விமானங்கள்தான். ஆகவே கோபப்படுத்த வேண்டியதுதான் என்று தீர்மானித்தேன்.

திங்கட்கிழமை, முந்தின நாள் இட்லியை உதிர்த்து உப்புமா கிளறிக் கொண்டுபோனேன். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டது. செவ்வாய்க்கிழமை அதன் இறக்கையில் கொடி கட்டித் துணி காயப்போட்டேன், என்னுடைய உள்பாவாடை உட்பட. அது இறக்கையைக் கொஞ்சம் வெயில் பக்கம் திருப்பிக் கொடுத்தது. புதன்கிழமை ஒரு மஞ்சள் பையைக் கொடுத்து, ரேஷனில் துவரம்பருப்பு வாங்கிவரச் சொன்னேன். பையை மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்கிவிட்டது. வீட்டோடு மாப்பிள்ளைக்கு அலுமினியம் கொஞ்சம் தடிமன்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் அண்ணாச்சியும் தணிகாசலமும் வீட்டுக்கு வந்தார்கள். மூன்று நாற்காலிதான். என் கணவர் நின்றார்.

“மதினி, மாப்பிள்ளைக்குப் பழைய இட்லி உப்புமாவா குடுத்தீக?” என்றார் அண்ணாச்சி.

“ரெண்டு தட்டு சாப்பிட்டது.”

“அதுக்குச் சொல்லல. மனசு சங்கடப்பட்டுக் கிளம்பிட்டாகன்னா, ஊருக்கு விமான சேவையே இல்லன்னு ஆயிரும்லா.”

“இப்ப மட்டும் எங்க போகுது?”

“போகாம இருக்கதுதான மதினி சேவை” என்றார் தணிகாசலம். “போனாத்தான் திரும்பி வருமா வராதான்னு கவலை. இது நிக்குது, இருக்குன்னு எழுதுதோம்.”

“எனக்கு நாளைக்கு இன்டர்வியூ.”

அண்ணாச்சி காபியைக் கீழே வைத்தார். “ஒரு இன்டர்வியூக்காக ஊரு மாப்பிள்ளையத் தொரத்துவீகளா? ஒங்களுக்கு இப்ப என்ன வயசு ஆச்சு?”

“இருபத்தொண்ணு. விண்ணப்பத்துல அதான் இருக்கு.”

எழுதிக் கொடுத்ததை எங்கள் ஊரில் யாரும் மறுப்பதில்லை. அண்ணாச்சி என் கணவரைப் பார்த்து, “எய்யா சௌந்தரபாண்டி, நீ சொல்லப்படாதா?” என்றார்.

“நான் எடை போடறவன் அண்ணாச்சி” என்றார் இவர். “இவ பெட்டி எட்டு கிலோ. அனுமதிச்ச அளவுதான்.”

முப்பத்து நான்கு வருடத்தில் இந்த மனுஷன் எனக்காகப் பேசிய ஒரே வாக்கியம் அது.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு நான் ஏறி, இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தேன். உள்ளே ஏற்கெனவே ஒருவர் இருந்தார். சேவை தொடங்கிய நாளில் ஏறியவர். சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

“மெட்ராஸ் வந்துட்டா?” என்று கேட்டார்.

“இன்னும் இல்லை.”

“அப்ப இன்னொரு பொத்தானும் தச்சிருதேன்.”

இன்ஜின் ஓட ஆரம்பித்தது. கதவுக்குக் கீழே என் கணவர் காபியோடு நின்றார். நான் சத்தம் போடவில்லை. குரலை உயர்த்துவது சிஸ்டர் ஃபிலோமினாவுக்குப் பிடிக்காது. வழக்கமாகப் பேசுகிற மாதிரிதான் பேசினேன்.

“ஏங்க, இதோட சகலை, பக்கத்து ஊர் விமானத்துக்கு எழுபத்திரண்டு இருக்கையாமே?”

“ஆமா, பேசிக்கிட்டாக” என்றார்.

இன்ஜின் சத்தம் கொஞ்சம் குறைந்தது. கேட்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

“ஒரு நாளைக்கு ரெண்டு நடையாம். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு.”

“அப்படியா?”

“யாரும் சொல்லாமலே பெங்களூருக்கும் போயிட்டு வருதாம். மாமியார் வீட்டுல கையைக்கூட நனைக்கிறதில்லையாம். கௌரவம் பார்க்குதாம்.”

இறக்கை விறைத்தது. மூக்கில் தொங்கிய மஞ்சள் பை கீழே விழுந்தது. கதவு என் கணவரின் முகத்துக்கு நேராகச் சாத்திக்கொண்டது. ஓடுபாதையின் கடைசியில் அண்ணாச்சி ஓடிவருவது ஜன்னலில் தெரிந்தது. அவருக்குப் பின்னால் நான்கு பேர், வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு தங்க மோதிரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முப்பத்து நான்கு வருடமாகச் செய்துகொண்டிருந்தார்கள் போல. ஒன்பதே காலுக்கு நாங்கள் மேலே இருந்தோம்.

சென்னையில் இறங்கியதும் விமானம் நேராகப் போய் அம்மாவின் வயிற்றில் மூக்கைப் புதைத்துக்கொண்டது. அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தது. நான் பெட்டியை எடுத்துக்கொண்டு நேர்காணல் நடக்கும் அறைக்குப் போனேன்.

திருமதி லில்லி தங்கராஜ் உட்கார்ந்திருந்தார். வெள்ளைப் புடவை, கண்ணாடி. எனக்கு ஒரு நாற்காலியைக் காட்டினார். அது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை நாற்காலி.

“ஏன் தாமதம்?”

“விமானம் சரியில்லை.”

குறித்துக்கொண்டார். “கோபம் வருமா?”

“வரும்.”

“எவ்வளவு நாள் தாங்கும்?”

“முப்பத்து நான்கு வருடம்வரை பார்த்திருக்கிறேன்.”

“ஆறின காபி?”

“மன்னிப்பதில்லை.”

அவர் கையெழுத்துப் போட்டார். பணிப்பெண் இடங்களெல்லாம் எப்போதோ நிரம்பிவிட்டன என்றார். காலியாக இருப்பது ஒரே இடம், அதுவும் இன்று காலை ஒன்பதே காலிலிருந்துதான். எங்கள் ஊர் விமானத்தின் இடம். திங்களும் வியாழனும். இரண்டு பயணிகள், கைப்பை மட்டும். உத்தரவையும் அட்டவணையையும் என்னிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கைகளையும் ஊன்றி எழுந்து நின்றார்.

திங்கட்கிழமை எட்டே முக்காலுக்கு நான் எங்கள் ஊர் ஓடுபாதையில் இறங்கினேன். மேளம் வைத்திருந்தார்கள். அண்ணாச்சி மாலையோடு நின்றார். இந்தத் தடவை மாலைக்கு அளவு சரியாக இருந்தது. தணிகாசலம் புதிய அறிக்கைக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கான்வென்டில் படித்த பெண் ஒருத்தி தட்டைச் சுற்றிவிட்டு, நல்ல உச்சரிப்பில் ‘வெல்கம்’ என்றாள். அவள் காலடியில் ஒரு பெட்டி இருந்தது. தட்டில் ஒரு ரூபாய் போட்டேன்.

என் கணவர் டவராவில் காபி கொண்டுவந்தார். ஒரு வாய் குடித்தேன். ஆறியிருந்தது.

காம்பவுண்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். தலை தீபாவளிக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.