பீடாதிபதிக்குப் போர்த்திய பொன்னாடை

1

இது கதையாக வந்திருக்கவே கூடாது. சுவிஸில், ஓஸ்டர்முண்டிகனில், எங்கள் தமிழ் மன்றம் ஆண்டு மலர் போடுகிறது. என் மகள் படிக்கும் ஜேர்மன் அரசுப் பல்கலைக்கழகத்தின் வரலாறும் நிர்வாகமும் பற்றி ஒரு கட்டுரை கேட்டார்கள். மகளின் பெருமையை நாசூக்காகச் சொல்ல நல்ல சாட்டு என்று நானும் தலையாட்டினேன். முதல் வரி இது:

‘பல நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு சிற்றரசன் நிறுவிய இப்பல்கலைக்கழகம், இன்று மாநில அரசின் பணத்தில், செனட்டின் மேற்பார்வையில், பல பீடங்களாகப் பிரிந்து...’

பிரிந்து என்ன? அதற்குமேல் எழுத வெட்கமாக இருக்கிறது.

2

பீடத்தைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். நமக்குப் பீடாதிபதி, அதாவது டீன், என்றால் கோட்டுப் போட்ட கடவுள். அங்கே பேராசிரியர்களில் ஒருவரைச் சில வருடங்களுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர் பாடமும் நடத்துவார், சோதனையும் வைப்பார். (இந்தக் கடைசி வாக்கியத்தை நான் போன மாதமே வாசித்திருக்க வேண்டும்.)

போன மாதம், கட்டுரைக்குப் படம் எடுக்கவென்று, மகளுக்குச் சொல்லாமல் ரயில் ஏறினேன். பையில் ஒரு பொன்னாடை. நம் விழாக்களில் ஒலிபெருக்கி கட்டியவருக்குக்கூடப் போர்த்துகிறோம். என் பிள்ளை படிக்கும் பீடத்தின் தலைவருக்குப் போர்த்தாமல் விடலாமா?

பீடாதிபதி பாவம், நல்ல மனிதர். குனிந்து கொடுத்தார், சிரித்தார், படம் எடுக்கவும் விட்டார். பிறகு மகளின் பெயரைக் கேட்டார். சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. பொன்னாடையைக் கழற்றி, மடித்து, என் கையிலேயே தந்தார்.

3

அன்று பின்னேரம் மதுஜா (உண்மைப் பெயர் இல்லை) தொலைபேசியில் அழுதாள்.

“அப்பா, நான் அந்தப் பீடாதிபதியின்ரை பாடத்திலை ரெண்டு தரம் பெயில். வாற கிழமை மூண்டாந்தரம். அதிலையும் பெயிலெண்டால் இந்தப் படிப்பை ஜேர்மனியிலை எங்கையும் படிக்கேலாது.”

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“நீங்கள் மன்றம் முழுக்கப் புழுகித் திரியேக்கை எப்பிடிச் சொல்லுறது? இப்ப அவர் என்ரை பேப்பரைத் திருத்தமாட்டாராம். வேறை ஆளாம். நீங்கள் லஞ்சம் குடுக்க வந்தனீங்கள் எண்டு நினைக்கினம் அப்பா.”

வெட்கத்தை முழுதாகவே சொல்கிறேன். எனக்கு முதலில் வந்த யோசனை அவளைப் பற்றியதல்ல. இது மன்றத்துக்குத் தெரிந்துவிடுமோ என்பதுதான்.

4

முடிவு அ: தேறுகிறாள். அந்தப் புள்ளி தன்னுடையதா, அப்பாவின் பொன்னாடைக்கு விழுந்ததா என்று ஆயுள் முழுதும் சந்தேகப்படுவாள்.

முடிவு ஆ: தவறுகிறாள். நான் போகாமல் இருந்திருந்தால் என்று இருவரும் நினைப்போம். சொல்லமாட்டோம்.

முடிவு இ: பீடாதிபதி அவளைத் தனியே கூப்பிட்டு... (விட்டுவிட்டேன். அவரை இன்னும் நல்லவராக்கி நான் தப்பப் பார்க்கிறேன்.)

5

இந்த இடத்தில் அவளே அழைத்தாள்.

“கதை எழுதுறீங்களாம். அம்மா சொன்னவ.”

“ஓம். வேண்டாமெண்டால் கிழிச்சுப் போடுறன்.”

“உங்கடை வெக்கத்தை எழுதுங்கோ. நான் பெயில் விட்டதையும் எழுதுங்கோ. ஆனால் இண்டைக்கு முடிவு வந்திட்டுது. அதை எழுதமாட்டீங்கள் எண்டால் சொல்லுறன்.”

“எழுதமாட்டன்.”

“மன்றத்திலையும் கதைக்கப்படாது.”

“சத்தியமாப் பிள்ளை.”

சொன்னாள். அவள் சொன்னதைத் தலைப்பாக்காமல் நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

வாசகரே, அ-வோ ஆ-வோ, உங்களுக்குப் பிடித்ததைப் போட்டுக்கொள்ளுங்கள். என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று மட்டும் மன்றத்துக்கு வராதீர்கள். மலர் வெளியீட்டுக்கு நான் போகப்போவதில்லை.