பாப்பாயி சொன்ன பத்து மார்க்

தேவிப்ரியா சேலத்தில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். தாடை எலும்பில் திருகு வைத்துப் பல் கட்டிக்கொண்டவர்கள் ஐந்து வருடம் கழித்து எப்படி இருக்கிறார்கள், அந்தப் பல்லில் அவர்களுக்குத் திருப்திதானா என்பதுதான் அவளுடைய ஆய்வு. பட்டியலில் நூற்றுப் பன்னிரண்டு பேர். கூப்பிட்டதும் கல்லூரிக்கு வந்து வாயைக் காட்டியவர்கள் எழுபத்தைந்து பேர். மற்றவர்களைப் போனில்தான் பிடிக்க முடிந்தது. பத்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள் என்று கேட்டு, சொன்னதைக் கட்டத்தில் நிரப்பினாள்.

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்த பாப்பாயி, போனை எடுத்த உடனே, "பத்துக்குப் பத்து போட்டுக்கங்க சாமி. ஒரு கொறையும் இல்லீங்க" என்றார். வயது ஐம்பத்தாறு, சர்க்கரை உண்டு, கீழ்த்தாடையில் வலது பக்கம் இரண்டு திருகு. வலிக்கிறதா, ஆடுகிறதா, ரத்தம் வருகிறதா, எல்லாவற்றுக்கும் "இல்லீங்க" என்றே பதில் வந்தது. இரண்டே நிமிடத்தில் ஒரு வரி நிரம்பியதில் தேவிப்ரியாவுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

படிவத்தில் கையெழுத்து மட்டும் பாக்கி இருந்தது. மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நாமக்கல் பஸ்ஸில் புதுச்சத்திரம் வந்து இறங்கி, ஆட்டோ பிடித்துப் பண்ணைக்குப் போனாள். பையில் படிவங்களும், வாய் பார்க்கிற சின்னக் கண்ணாடியும், ஒரு டார்ச்சும் இருந்தன.

பாப்பாயியின் கணவர் ராசப்பன் தீவன வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். "வாங்க அம்மணி. அவளுக்கு ரெண்டு நாளாக் காய்ச்சலுங்க. பேசவே மாட்டேங்கறா. ஊட்டுக்குள்ளதான் படுத்திருக்கறா."

பாப்பாயி படுத்திருக்கவில்லை. கட்டில் விளிம்பில் முன்னால் குனிந்து உட்கார்ந்து, வாயில் துண்டை அழுத்திப் பிடித்திருந்தார். துண்டு நனைந்து எச்சில் முழங்கை வரை வழிந்தது. தேவிப்ரியாவைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அம்மா, நான் காலேஜ்ல இருந்து வந்திருக்கறனுங்க. துண்ட எடுங்க, பாத்துக்கறேன்."

பாப்பாயி மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"டாக்டரம்மா கேக்கறாங்கல்ல புள்ள" என்று ராசப்பன் துண்டை மெல்ல விலக்கினார்.

தாடையும் கழுத்தும் வீங்கி ஒன்றாகிப் போயிருந்தன. தேவிப்ரியா விரலை வைத்து அழுத்தினாள். இரண்டு பக்கமும் பலகை மாதிரி இருந்தது. வாய் ஒரு விரல் அகலத்துக்குத்தான் திறந்தது. உள்ளே நாக்கு மேலெழும்பி அண்ணத்தை ஒட்டி நின்றது. திருகைச் சுற்றிச் சீழ்.

இந்த வீக்கத்தைப் பற்றி அவள் பரீட்சையில் மூன்று பக்கம் எழுதியிருக்கிறாள். பல்லிலிருந்து கிளம்பும் சீழ் நாக்குக்கு அடியில் பரவும், நாக்கைப் பின்னுக்குத் தள்ளும், மூச்சை அடைக்கும். சில மணி நேரம்தான். சிலருக்கு அதுவும் கிடைக்காது. நேரில் இதுவரை ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை.

"எப்ப இருந்துங்க இப்படி?"

"நேத்து சாயங்காலம் கன்னம் உப்புன மாதிரி இருந்துச்சுங்க. காலைல பாத்தா கழுத்துக்கு எறங்கிருச்சு. மாத்திர குடுத்தனுங்க. முழுங்க முடியாம துப்பிட்டா."

ஆம்புலன்ஸ் ஒரு விபத்துக்குப் போயிருப்பதாகவும், வர அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றும் போனில் சொன்னார்கள். வீட்டில் முட்டை ஏற்றுகிற வேன் ஒன்று இருந்தது. ராசப்பன் அட்டைகளை அள்ளி வெளியே போட்டுவிட்டு, "பின்னால படுக்க வெச்சுக்கலாமுங்க" என்றார்.

"படுக்க வெக்கவே கூடாதுங்க. படுத்தா மூச்சு நின்னுரும்."

சொன்ன பிறகுதான் பாப்பாயி கேட்டுக்கொண்டிருப்பது உறைத்தது. பாப்பாயி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் பிடி நாமக்கல் போகும்வரை தளரவில்லை.

ராசப்பன் ஓட்டிய வேன் நெடுஞ்சாலையில் ஏறியதும் தேவிப்ரியா தன் பேராசிரியர் ஜெகதீஸ்வரனைக் கூப்பிட்டாள். பாப்பாயிக்குத் திருகு வைத்தவரும் அவர்தான். இரண்டாவது தடவைதான் எடுத்தார்.

"சார், புதுச்சத்திரம் பாப்பாயி. ரெண்டு பக்கமும் வீக்கம். நாக்கு தூக்கியிருக்கு. எச்சில் முழுங்க முடியல."

"நாமக்கல்லுக்கே போ. நேரா உக்கார வை. வாய்க்குள்ள எதையும் விடாத. நான் அங்க சொல்லி வெக்கறேன்." பிறகு, "தேவி, மூச்சு விடறப்ப சத்தம் கேக்குதா?"

அவள் காதைப் பக்கத்தில் கொண்டுபோனாள். "விசில் மாதிரி வருது, சார்."

"சீக்கிரம் போ" என்று வைத்துவிட்டார்.

மூச்சு நின்றால் கழுத்தில் எங்கே கீற வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கட்டைவிரல் தானாகவே தன் தொண்டையில் அந்த இடத்தைத் தேடியது. ஆனால் கையில் கத்தி கிடையாது. இருந்தாலும் இந்த வீக்கத்துக்குள் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியாது என்றுதான் தோன்றியது.

நாமக்கல்லுக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும்போது பாலம் வேலை நடந்த இடத்தில் லாரிகள் வரிசையாக நின்றன. வேன் நின்றது. பாப்பாயி கால்களை உதைத்துக்கொண்டு சீட்டில் சரியப் பார்த்தார். தேவிப்ரியா பின்னாலிருந்து அவரை நெஞ்சோடு சேர்த்து நிமிர்த்தி, முன்னால் குனிய வைத்தாள். அவர் முழங்கை அவள் விலாவில் இடித்தது. பாப்பாயியின் உதடு சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது.

"அம்மா, மூக்குல இழுங்க. மெதுவா. என்னோட சேந்து இழுங்க."

ராசப்பன் வேனை விட்டு இறங்கி லாரிகளுக்கு நடுவே ஓடினார். என்ன சொன்னாரோ, ஒரு டிரைவர் குதித்து இறங்கி மற்ற வண்டிகளைத் தட்டித் தட்டி ஓரம் கட்ட வைத்தார். ஒரு வேன் நுழைகிற அளவுக்கு வழி கிடைத்தது.

ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆள்கள் காத்திருந்தார்கள். பாப்பாயியை உட்கார்ந்த நிலையிலேயே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவைச் சாத்தினார்கள். நனைந்த துண்டு தேவிப்ரியாவின் கையிலேயே இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் விசில் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு நின்றுவிட்டது.

"சத்தம் நின்னு போச்சுங்களே அம்மணி" என்றார் ராசப்பன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அந்தக் கட்டத்தில் பத்து என்று தட்டியது இதே விரல்தான் என்ற நினைப்பு மட்டும் தேவிப்ரியாவுக்கு வந்தது. ராசப்பன் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் குந்தி உட்கார்ந்தார்.

ஒன்பது நிமிடம் கழித்து நர்ஸ் வெளியே வந்தார். "கழுத்துல ஓட்ட போட்டுக் குழாய் வெச்சாச்சு. மூச்சு வருது."

தேவிப்ரியா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அன்றைக்கே சீழை வெளியேற்றி, இரண்டு திருகுகளையும் எடுத்துவிட்டார்கள். ஒன்பதாம் நாள் கழுத்துக் குழாயை எடுத்தார்கள். பன்னிரண்டாம் நாள் தேவிப்ரியா போனபோது பாப்பாயியால் கரகரவென்று பேச முடிந்தது.

"ஒரு வருசமாவே ஆடுச்சு சாமி. சீழு வரும். உப்புத்தண்ணி கொப்புளிச்சுக்குவேன். இவருக்குக்கூடச் சொல்லல."

"நான் போன்ல கேட்டப்பவாச்சும் சொல்லியிருக்கலாமுங்களே."

பாப்பாயி போர்வை நுனியைச் சுருட்டினார். "எங்கக்கா முத்தாயம்மா வாயில புண்ணுன்னுதான் ஆஸ்பத்திரிக்குப் போச்சு. பாதித் தாடைய எடுத்துட்டாங்க. கஞ்சி குடிச்சா வழிஞ்சிரும். ஆரு வந்தாலும் முந்தானையில மூடிக்கும். எனக்கும் அதுதான்னு நெனச்சுக்கிட்டேன். இல்லைன்னு சொல்லிட்டா வாயத் தொறக்கச் சொல்ல மாட்டீங்கல்ல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஆடுதான்னு கேட்டீங்க, வலிக்குதான்னு கேட்டீங்க. பயமா இருக்குதான்னு ஆரும் கேக்கலீங்களே" என்றார்.

மறுநாள் ஜெகதீஸ்வரன் அறையில் தேவிப்ரியா பட்டியலைத் திறந்து வைத்தாள். போனில் பதில் சொன்ன எல்லாரையும் நேரில் பார்க்காமல் ஆய்வை எழுத மாட்டேன் என்றாள். அவர் கோபித்துக்கொள்வார் என்றுதான் நினைத்திருந்தாள். அவர் பாப்பாயியின் வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வெச்ச திருகு. தோல்வின்னு எழுது" என்றார். "மீதிப் பேரப் பாக்க நானும் வாரேன்."

இரண்டு மாதத்தில் முப்பத்தாறு வீடுகளுக்குப் போனார்கள். நன்றாக இருக்கிறது என்று போனில் சொன்னவர்களில் நாலு பேருக்குச் சீழ் இருந்தது. எருமப்பட்டியில் தனபால் என்பவர் இவர்கள் வருவது தெரிந்து சோளக்காட்டுக்குள் போய்விட்டார். அவர் மனைவி போய்க் கூட்டி வந்தார். ஒவ்வொரு வாசலிலும் ஆளைக் கண்டதும் தேவிப்ரியாவின் கண் முதலில் கழுத்துக்குத்தான் போனது.

மறுபரிசோதனைக்கு ராசப்பன் பாப்பாயியைக் கல்லூரிக்குக் கூட்டி வந்தார். அந்த இரண்டு பல்லும் இல்லாமல், குழைந்த சோறு சாப்பிடப் பழகியிருந்தார். கழுத்துத் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. ஜெகதீஸ்வரன் விளக்கை இழுத்ததும் பாப்பாயி உதட்டை இறுக்கிக்கொண்டார். அவர் விளக்கை விட்டுவிட்டு நகர்ந்து நின்றார்.

தேவிப்ரியா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "எனக்கும் பயமாத்தான் இருக்குதுங்கம்மா" என்றாள்.

பாப்பாயி அவளை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார்.